தலையைத் தூக்கிப் பிடித்தவன்

அந்தக் குதிரை மூச்சை இழுக்கும்போது ஒரு சத்தம் வரும். தகரக் கூரை இடுக்கில் காற்று நுழைகிற மாதிரி. நடை கூடக் கூட அதுவும் கூடும். திண்டிவனத்துக் கல்யாண மண்டப வாசல்களில் ஜனங்கள் அதை ரசித்தார்கள். நாங்களும்தான். என் மனைவியின் அண்ணனுக்கு, என் மச்சானுக்கு, அதில் அத்தனை பெருமை.

"பாத்தியா மாப்ள, சிங்கம் மாதிரி உறுமிக்கினு வருது. நீ இதுல வந்திருந்தா எங்க வீட்டுல எழுந்து நின்னு கும்புட்டிருப்போம்."

"எனக்கு ஆட்டோதானே புடிச்சி அனுப்புனீங்க?"

சிரிப்போம். அது மூச்சுக்குத் திண்டாடிக்கொண்டிருந்தது; நாங்கள் சிரித்தோம்.

மாடு மட்டுமே தெரிந்த குடும்பம் எங்களுடையது. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், நெடுஞ்சாலையை ஒட்டி நிலம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கென்று மச்சான் வாங்கிவந்த அந்த வெள்ளைப் பெட்டைதான் எங்கள் கொட்டகை கண்ட முதல் குதிரை. மாடுகளோடு மாடாக மல்லாட்டைக் கொடி, அதுதான் வேர்க்கடலைக் கொடி, தின்றது. நான் போய் நின்றால் சட்டைப் பையை மோந்து பார்க்கும், வெல்லம் இருக்குமென்று. ஓரிடத்தில் உட்காராத பிறவி நான். அதன் கழுத்தோரம் மட்டும் என் கால் தரித்து நிற்கும்.

ஆவணியில் ஒரு காலை, குடித்த தண்ணீர் அதன் மூக்கு வழியாக ஒழுகியது. கரைத்து வைத்த தவிடும் அப்படியே.

"சளிதான். கஷாயம் ஊத்துனா பூடும்" என்றார் மச்சான்.

மிளகும் பூண்டும் வெற்றிலையும் இடித்துக் காய்ச்சினோம். மாட்டுக்கு மருந்து ஊற்றும் மூங்கில் குழாயை எரவானத்திலிருந்து உருவினார்.

"தலைய நல்லா தூக்கிப் புடி மாப்ள. ஜல்தி!"

பிடித்தேன். தாடையை என் தோளில் ஏற்றி வானம் பார்க்க வைத்தேன். அது திமிறவில்லை. வெல்லம் கொடுத்த கையாயிற்றே. குழாய் காலியானது. இருமியது. இரண்டு மூக்கிலும் கஷாயம் வழிந்தது. பாதியாவது உள்ளே போயிற்றே என்று ஆறுதல் பட்டுக்கொண்டோம். போயிற்றுதான்.

மறுநாள் உடம்பு கொதித்தது. கால்நடை டாக்டரம்மா வந்தார். விலாவில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"வாய் வழியா ஏதாவது ஊத்துனீங்களா?"

மச்சான் தரையைப் பார்த்தார். "கஷாயங்க. மாட்டுக்கு ஊத்துறாப்பல."

"தொண்டை நரம்பு செயலிழந்துக்கினு வந்திருக்கு. அந்தச் சத்தமே அதுதாங்க. முழுங்கவே முடியாத குதிரைக்குத் தலையத் தூக்கிப் புடிச்சி ஊத்துனா? நுரையீரலுக்குப் போயிருக்கு."

"வாயாலயாவது மூச்சு விட்டுக்காதா, டாக்டரம்மா?" என்றேன் நான்.

"குதிரையால முடியாதுங்க. மூக்கு ஒண்ணுதான்."

ஊசி போட்டார். மறுபடி வந்து போட்டார். முன்னங்கால்களை அகட்டி, கழுத்தை நீட்டி, மூன்று நாள் நின்றபடியே இருந்தது. மூன்றாம் நாள் நான் கிட்டே போனதும் பையை மோந்து பார்க்க மூக்கைக் கொண்டுவந்தது. மோப்பத்துக்கும் மூச்சு வேண்டும். பாதியில் விட்டுவிட்டது. அன்று மதியம் விழுந்தது. பிறகு எழவில்லை.

போன வாரம் பசு ஒன்றுக்கு வயிறு உப்பிக்கொண்டது. மச்சான் அதே குழாயோடு வந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"மாட்டுக்கு ஒண்ணும் ஆவாது மாப்ள. புடி."

பிடித்தேன். பசு மடக் மடக்கென்று முழுங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. கையை விடவும் முடியவில்லை.