ஏறுகிற வண்டிக்குத்தான் பிளக்

2004 ஜனவரி. காலை ஏழரை மணிக்குக் கம்பத்திலிருந்து வேன் கிளம்பியது. கேரள மலைமேல் இருக்கும் கட்டப்பனைக்கு ஆளுக்கு அறுபது ரூபாய். பக்கத்து இருக்கையில் உத்தமபாளையத்து ரஹ்மத்தம்மா. பத்து மணிக்குக் கட்டப்பனை ஆஸ்பத்திரியில் அவர் மகளுக்குப் பிரசவ ஆபரேஷன்.

"உள்ள கொண்டு போறதுக்கு முன்ன அவ கையப் பிடிச்சிரணும். முதப் பிரசவத்துக்கும் என் கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் போனா. பயந்த புள்ள" என்றார்.

நான் தஞ்சாவூர்க்காரன், வரப்பைத் தவிர வேறு மேடு ஏறியறியாதவன். வளைவுக்கு வளைவு கீழே திராட்சைப் பந்தலும் வயலும் வாழையுமாகப் பள்ளத்தாக்கு விரிய, வாயைப் பிளந்தபடி வந்தேன்.

எட்டு மணி இருக்கும். ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி இருமிக் குலுங்கி நின்றது. டிரைவர் பால்பாண்டி எங்களை இறக்கிவிட்டு முன் சீட்டைத் தூக்கினார், அதற்கடியில்தான் இன்ஜின். அதை ஓடவிட்டு, மூன்று பிளக் வயர்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். முதல் இரண்டுக்கும் இன்ஜின் தடுமாறியது. மூன்றாவதைக் கழற்றியும் சத்தம் மாறவில்லை.

"இவன்தான் வேல செய்யல." அந்தப் பிளக்கை எடுத்து உப்புத்தாளில் தேய்த்துப் பார்த்தார். பீங்கானில் விரிசல். "மாத்தணும். கையில வேற இல்ல. இம்புட்டுப் பேர வச்சுக்கிட்டு ரெண்டு பிளக்ல மேல ஏறாது."

தோட்ட வேலைக்குப் போகும் ஜீப்புகள் ஆட்கள் தொங்கத் தொங்கக் கடந்தன. கால் வைக்க இடமில்லை. ரஹ்மத்தம்மா முக்காட்டை இழுத்துவிட்டு மேல்நோக்கி நடக்கவே ஆரம்பித்துவிட்டார்.

அப்போது மேலிருந்து கேரள வேன் ஒன்று இறங்கி வந்து நின்றது. "எந்தா, பிளக்கா?" என்றார் அதன் டிரைவர்.

"மூணாவது போயிருச்சு சேட்டா."

அவர் தம் ஆட்களை இறக்கினார், சீட்டைத் தூக்கினார், துணி சுற்றிச் சுடச்சுட ஒரு பிளக்கைக் கழற்றிக் கொடுத்தார். அந்த இடத்தில் எங்கள் ஓட்டைப் பிளக்கை மாட்டிக்கொண்டார்!

"உங்க வண்டி?" என்றேன்.

"எனிக்கு எறக்கமல்லே? ரெண்டு மதி, போதும். கம்பத்துல வேற வாங்கிக்கும்."

நான் இரண்டு வண்டிகளையும் மாறி மாறிப் பார்க்கவும் பால்பாண்டி சிரித்தார். "இந்த மலையில இப்படித்தான் சார். ஏறுற வண்டிக்குத்தான் பிளக்."

இரண்டு வளைவு தாண்டி ரஹ்மத்தம்மாவை ஏற்றிக்கொண்டோம். ஆஸ்பத்திரி வாசலில் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். பத்துக்குப் பத்து நிமிடம் இருந்தது.

மறுநாள் அதே வேனில் மலை இறங்கினேன். "கையப் பிடிச்சிட்டாகளாம் சார். பேத்தி பொறந்திருக்கு" என்றார் பால்பாண்டி.

எதிரே ஏறி வந்த வேன்களையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தேன், ஒன்றாவது இருமாதா என்று. பாவி மனசு! எல்லாம் ஜம்மென்று ஏறிப் போய்விட்டன.