மிச்சக்காவின் சைக்கிள்

லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் அவளுக்கு மேலும் கீழும் ஏறி இறங்குவதோ, இருட்டுக் குழியில் கிரீஸ் படிந்து நிற்பதோ ஒரு பொருட்டே இல்லை. நன்றாக இருக்கும் சாமானைக் கழற்றி எறிய வேண்டியிருந்ததுதான் பிடிக்கவில்லை. லிஃப்டைத் தூக்கும் இரும்புக் கயிறு அறுந்துபோகும்வரை யாரும் காத்திருக்க மாட்டார்கள். அங்கங்கே இழை பிரியத் தொடங்கினாலே மொத்தக் கயிற்றையும் இறக்கியாக வேண்டும். பிரேக் கட்டையும் அப்படித்தான், பாதி தேய்ந்ததுமே அதன் ஆயுள் முடிந்தது. கழற்றிய கயிறு கட்டடத்தின் பின்பக்கம் சுருண்டு கிடக்கும்போது, போகிற போக்கில் ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள். இன்னும் எத்தனையோ காலம் உழைத்திருக்கும். ஆனால் உள்ளே ஏறி நிற்பவர்களைப் பணயம் வைத்து அதைச் சோதித்துப் பார்க்க முடியாது. அது அவளுக்கும் தெரியும். விதிப்படியே வேலை பார்த்தாள்.

சைக்கிளுக்கு யாரும் விதி போடவில்லை.

அது தடித்த டயர் போட்ட மலைச் சைக்கிள். கூட வேலை பார்த்தவர் வேறு ஊருக்குக் குடிபோகும்போது, எடுத்துப்போக இடமில்லாமல் இவளிடம் தள்ளிவிட்டுப் போனது. ஊருக்கு வெளியே, கைவிட்ட கல்குவாரியைச் சுற்றிக்கொண்டு குன்றின்மேல் ஏறும் மண்பாதை ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அங்கே ஒரு கூட்டம் சைக்கிள் ஓட்டும். நாற்பது வயதுக்குமேல் அவளும் அதில் போய்ச் சேர்ந்தாள். மற்றவர்கள் மூச்சு வாங்குகிற இடைவெளிகளில் புதிதாக என்ன சாமான் வந்திருக்கிறது என்று பேசிக்கொள்வார்கள். இவளுடைய சைக்கிளைப் பார்த்துவிட்டு யாராவது, "அக்கா, இந்த டயர மாத்தக்கூடாதா? வழுக்கைத்தலை மாதிரி மின்னுதே" என்றால், கட்டைவிரலால் டயரை ஒரு அழுத்து அழுத்திப் பார்த்துவிட்டு, "இன்னும் மிச்சம் இருக்கு" என்பாள். செயினைக் கேட்டாலும் அதே பதில், சீட்டைக் கேட்டாலும் அதே பதில். கொஞ்ச நாளில் அவள் பெயர் மிச்சக்கா ஆகிவிட்டது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவும் செய்தாள்.

சைக்கிள் கடைக்காரர் மட்டும் அவளை எளிதில் விடுவதாக இல்லை. செயின் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பார்க்க அவரிடம் ஒரு சின்ன அளவுக்கருவி இருந்தது. கண்ணிகளுக்கிடையே அதை வைத்தால், நல்ல செயினில் நுழையாமல் மேலேயே நிற்கும். இவளுடைய செயினில் வைத்ததும் பொத்தென்று உள்ளே விழுந்தது.

"அக்கா, இது செயின் இல்ல. கழுத்துல போடுற சங்கிலி. அவ்வளவு தொங்குது."

"ஓடுதில்ல?"

"ஓடுது. ஆனா இது பல்லையும் சேர்த்துத் தின்னுக்கிட்டு ஓடுது. பின் சக்கரத்துப் பல்லப் பாருங்க, ஊசி மாதிரி ஆயிடுச்சு. இனிமே செயின மட்டும் மாத்தினா புதுச் செயின் இந்தப் பல்லுல உக்காராது. மாத்துறதுன்னா எல்லாத்தயும் மாத்தணும்."

"அப்ப எதயும் மாத்த வேண்டாம். சேர்ந்தே தேயட்டும்."

இதில் பிடிவாதம் மட்டுமில்லை, கணக்கும் இருந்தது. செயினும் பல்லும் ஒன்றோடொன்று பழகித் தேய்ந்தால் வெகுகாலம் ஓடும் என்பதை அவள் ஓட்டியே கண்டுபிடித்திருந்தாள். ஆனால் அதற்கேற்ப ஓட்டுகிறவளும் பழக வேண்டும். சின்னப் பல்சக்கரத்தில் போட்டுக்கொண்டு எழுந்து நின்று மிதிக்கக் கூடாது, செயின் வழுக்கும். பின்பிரேக்கை ஒரு தரம் வெறுமனே அமுக்கிவிட்டு, இரண்டாம் தரம்தான் நம்ப வேண்டும். இடது பெடலில் முழுப் பாரம் போடக் கூடாது. இவற்றையெல்லாம் அவள் யோசித்துச் செய்யவில்லை. வீட்டில் ஒரு கதவு தூக்கித் திறந்தால்தான் திறக்கும் என்று கைக்கே தெரிந்திருப்பதுபோல, அவள் காலுக்குத் தெரிந்திருந்தது.

வீட்டில் மூன்று பேர். கணவர் டவுன் பஸ் ஓட்டினார். அவருடைய தங்கை ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். கல்யாணம் வேண்டாம் என்று முடிவு செய்து, அண்ணன் வீட்டிலேயே பின்பக்க அறையில் இருந்தாள். நாத்தனார் என்றால் முறைப்பு இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்து வந்த உறவினர்கள் ஏமாந்து போனார்கள். இரண்டு பேரும் ஒருத்தி உடுப்பை ஒருத்தி போட்டுக்கொண்டு, சேர்ந்து உட்கார்ந்து அந்த உறவினர்களையே கேலி பேசுவார்கள்.

ஒருநாள் காலை நாத்தனாருக்கு பஸ் தவறிவிட்டது. அண்ணன் முதல் நடைக்கே போயிருந்தார். அண்ணி குளித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, உங்க சைக்கிள எடுத்துக்கிட்டுப் போறேன்!"

குழாய்ச் சத்தத்தில் அண்ணிக்கு ஏதோ கேட்டது. "சரி, சரி" என்றாள்.

ஆஸ்பத்திரிக்கு முன்னால் ஒரு சின்ன மேடு. நேரமாகிவிட்டதே என்று நாத்தனார் எழுந்து நின்று மிதித்தாள். செயின் வழுக்கியது. கால் வெற்றிடத்தில் இறங்க, முழங்கால் கம்பியில் மோத, ஆள் கைப்பிடிக்கு மேலாகப் போய் விழுந்தாள். மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டது. முன்பல் ஒன்று பாதியாக உடைந்தது. விழுந்தது ஆஸ்பத்திரி வாசலில் என்பதால் தூக்கிப்போக ஆள் தேடவில்லை.

மிச்சக்கா போய்ச் சேரும்போது கட்டுப் போட்டிருந்தார்கள்.

"சைக்கிள் நல்லாத்தான் இருக்கு அண்ணி, ஒரு கீறலும் இல்ல" என்றாள் நாத்தனார், உடைந்த பல் வழியாகக் காற்றுப் போக. சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். அண்ணி சிரிக்கவில்லை.

கணவர் மாலையில் வந்தார். தங்கையைப் பார்த்துவிட்டு வராந்தாவுக்கு வந்து நின்றார். கத்துகிற ஆளில்லை அவர்.

"லிஃப்ட்ட இப்படி விட்டு வச்சிருப்பியா?"

"லிஃப்ட்ல மத்தவங்க ஏறுவாங்க. இதுல நான் மட்டும்தானே."

"இன்னிக்கு யாரு ஏறினா?"

கேட்டுவிட்டு அவர் தங்கையிடம் உள்ளே போனார்.

மறுநாள் ஓர் அலுவலகக் கட்டடத்தில் கயிறு மாற்றும் வேலை. கட்டட மேனேஜர் வழக்கம்போல், "நல்லாத்தானேம்மா இருக்கு, எதுக்கு இதப் போய் மாத்துறீங்க?" என்று கேட்டார். வேறு நாளாயிருந்தால் மனசுக்குள் அவர் பக்கம் சேர்ந்திருப்பாள். அன்று காதில் விழாததுபோல் வேலையை முடித்தாள். கழற்றிய கயிற்றைத் திரும்பிப் பார்க்காமல் வந்தாள். வீட்டிலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நேராகக் கடைக்குப் போய் நிறுத்தி, "எல்லாத்தயும் மாத்திடு தம்பி" என்றாள்.

கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உடம்புக்கு ஏதாவது பண்ணுதாக்கா?"

செயின், பல்சக்கரங்கள், பெடல், பிரேக் கட்டை, டயர் எல்லாம் புதிதாயின. கழற்றியதைத் தூக்கி எறிய வேண்டாம் என்று மட்டும் சொல்லி, ஒரு சாக்கில் வாங்கிக்கொண்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை குன்றில் ஏறியபோது சைக்கிள் சத்தமே போடவில்லை. கியர் கேட்டதும் விழுந்தது. பிரேக் தொட்டதும் பிடித்தது. கூட வந்தவர்கள் கைதட்டினார்கள். அவளுக்குத்தான் யாருடைய சைக்கிளையோ இரவல் வாங்கி வந்ததுபோல் இருந்தது. கால் எதற்கும் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய அவசியமில்லாமல் சும்மா சுற்றியது. பாதி வழியில் சலிப்புத் தட்டி இறங்கிவிட்டாள். அதன்பிறகு அதை எடுக்கவில்லை.

நாத்தனாருக்குக் கட்டுப் பிரித்தார்கள், பல்லுக்கு மூடி போட்டார்கள். கை கொஞ்சம் தேறியதும் அவள் கேட்ட முதல் கேள்வி யாரும் எதிர்பாராதது.

"அண்ணி, அந்த சைக்கிள் இப்ப சும்மாதானே நிக்குது? நான் ஓட்டட்டுமா?"

"விழுந்தது போதாதா உனக்கு?" என்றார் அண்ணன்.

"விழுறதுக்கு முன்னாடி நல்லா இருந்துச்சுண்ணா. மேடு ஏறுற வரைக்கும் சூப்பரா போச்சு."

சைக்கிள் கைமாறியது. மிச்சக்கா ஒரு பழைய ஃபிரேமைத் தேடிப் பிடித்து, சாக்கிலிருந்த சாமான்களை ஒவ்வொன்றாக அதில் பூட்டினாள். பிரேக் கட்டையை மட்டும் பூட்டவில்லை, புதிதாக வாங்கிப் போட்டாள். பெரிய பூட்டு ஒன்றும் வாங்கினாள். சாவியை வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை.

இருவரும் சேர்ந்தே குன்றுக்குப் போகத் தொடங்கினார்கள். நாத்தனார் சோதனைக் கூடத்துக்காரி. அங்கே ஒரு தடவை பயன்படுத்திய ஊசியை யாரும் இரண்டாம் தடவை தொடுவதில்லை. சைக்கிளையும் அவள் அப்படித்தான் வைத்திருந்தாள். ஓட்டிவிட்டு வந்ததும் துடைப்பாள், எண்ணெய் போடுவாள். கடைக்காரரின் அளவுக்கருவி லேசாக உள்ளே இறங்கினாலே போதும், செயினையும் பல்சக்கரங்களையும் ஜோடியாகக் கழற்றிக்கொண்டு அண்ணியிடம் வந்துவிடுவாள்.

"இந்தாங்க. எனக்கு இது பயமா இருக்கு."

"பயமா? இதுவா? இப்பதான் இதுக்குப் பல்லே முளைச்சிருக்கு. குடு இப்படி."

அண்ணி பல்சக்கரத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். முகத்தில் அப்போது ஒரு நிறைவு தெரியும் என்று அவள் கணவர் சொல்வார். ஒருத்தி பாதியில் விட்டதை மற்றவள் முடித்துவைத்தாள். சைக்கிள் கடைக்காரருக்கு ஒரு வீட்டில் நல்ல வாடிக்கையும் மோசமான வாடிக்கையும் சேர்ந்து கிடைத்தன.

ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு, மேட்டில் ஏறும்போது அந்தப் பழைய ஃபிரேமில் மெல்லிதாக ஒரு முனகல் கேட்டது. மிச்சக்கா உடனே இறங்கி, சேற்றைத் துடைத்துப் பார்த்தாள். சீட்டுக்குக் கீழே, குழாய்கள் கூடும் இடத்தில், தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். முன்னே போய்விட்ட நாத்தனார் திரும்பி வந்து நின்றாள்.

"என்ன அண்ணி, இன்னும் கொஞ்சம் தாங்குமா?"

மிச்சக்கா விரல் நகத்தை விரிசல்மேல் ஓட்டினாள். நகம் மாட்டியது.

"தாங்காது. நீ போயிட்டு வா, நான் தள்ளிக்கிட்டே இறங்குறேன்."

"நானும் வரேன்" என்று நாத்தனாரும் இறங்கிக்கொண்டாள். பாதை ஈரமாக இருந்தது. இரண்டு பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, மெதுவாகப் பேசியபடி கீழே வந்தார்கள்.