சொல்லி அனுப்பறோமுங்க

போன வாரம் மருமகளிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். அவள் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். 'ஆறு' என்று எழுதினால் அது எண்ணா, நதியா என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?

அக்கம்பக்கத்து வார்த்தைகளைப் பார்க்குமாம். பக்கத்தில் 'மணி' இருந்தால் எண். 'மணல்' இருந்தால் நதி. அவ்வளவுதான் மாமா என்றாள்.

அவ்வளவுதானா? அந்த அவ்வளவு தெரியாமல்தானே நான் ஒரு கல்யாணத்தையே கெடுக்கப் பார்த்தேன்... அதுவும் என் கல்யாணத்தை!

அறுபதுகளின் தொடக்கம். கோவில்பட்டியிலிருந்து வந்து சிங்காநல்லூரில் ஒரு மில்லில் கிளார்க்காக இருந்தேன். போத்தனூரில் ஒரு பெண்ணைப் பார்த்து அக்கா எல்லாம் பேசிவிட்டாள். நான் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

கிளம்பும்போது அறைத் தோழன் பழனிசாமி எச்சரித்தான். உள்ளூர்க்காரன். "எங்க பக்கம் மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. 'சொல்லி அனுப்பறோமுங்க'ன்னா முடிஞ்சுபோச்சுன்னு வெச்சுக்குங்க."

போனேன். பார்த்தவுடனே பெண்ணைப் பிடித்துவிட்டது. விடைபெறும்போது பெண்ணின் அப்பா கைகூப்பினார் — "சொல்லி அனுப்பறோமுங்க."

போச்சு! அன்றே அக்காவுக்குக் கார்டு போட்டேன். அவர்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை, வேறு இடம் பார் என்று.

அந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னும் பின்னும் என்னென்ன நடந்தது தெரியுமா? போதும் போதும் என்று இலையை மறைத்த பிறகும் மூன்றாவது ஒப்புட்டு, எங்கள் ஊரில் போளி என்போம், விழுந்தது. மில்லுக்குப் பக்கத்தில் வாடகைக்கு வீடு கிடைக்குமா என்று பெண்ணின் அம்மா விசாரித்தார். அண்ணன் பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்து, பஸ் வரும்வரை நின்று, ஒரு பை நிறைய நிலக்கடலையைக் கையில் திணித்துவிட்டுப் போனார். வேண்டாத மாப்பிள்ளைக்கு யாராவது கடலை கொடுப்பார்களா? நானோ அந்தக் கடலையையும் கண்ணைத் துடைத்துக்கொண்டே தின்று தீர்த்தேன்.

பத்து நாள் கழித்து மில் கேட்டில் பெண்ணின் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க, நாங்க வேண்டாம்னு சொன்னதா அக்காவுக்கு எழுதிப்போட்டீங்களாமா? ஜோசியரைப் பாத்து நாள் குறிச்சுச் சொல்லி அனுப்பலாம்னு இருந்தமுங்க. சேதி கேட்டதிலிருந்து புள்ள சரியாச் சாப்பிடறதில்லீங்க. உங்களுக்குத்தான் புடிக்கலைன்னா நேராச் சொல்லிப்போடுங்க."

எனக்காக ஒருத்தி சாப்பிடாமல் இருக்கிறாளா? வெட்கம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். தலையே நிமிரவில்லை.

"புடிச்சிருக்குங்க" என்றேன்.

என் கோவில்பட்டி நாக்கில் அன்றைக்கு ஏறிய 'ங்க'... அறுபது வருடமாக வீட்டில் அதை இறக்கிவைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.