கிருத்திகைக்கு முன்னால் கேட்கும் மாத்திரை

மருந்துக்கடை கவுண்டரில் நிற்பவர்களுக்கு ஊரில் யாருக்கு என்ன நோய் என்று தெரிந்துவிடும். பெண்களுக்கு என்ன நோய் என்பது மட்டும் அவர்கள் வீட்டு ஆட்கள் வந்து சொன்னால்தான் தெரியும். திருத்தணியில் பதினோரு வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். இதே வேலையில் இருக்கும் தோழிகளே, உங்களுக்கும் வயிறு எரிந்திருக்கும், அதனால் உங்களிடமே கொட்டுகிறேன்.

வாங்க வந்தவர்

கே.ஜி.கண்டிகையிலிருந்து பைக்கில் ஒருவர் வந்தார். புருஷனும் பெண்டாட்டியுமாக ஆறு கிருத்திகை மலையேறுவதாக வேண்டுதலாம். அன்றைக்கு மனைவி கௌரிக்குத் தூரம் வரக்கூடாது, தள்ளிப்போடும் மாத்திரை வேண்டும். கிருத்திகை இருபத்தேழு நாளுக்கொரு முறை வருகிறது. கௌரிக்கும் ஏறக்குறைய அதே கணக்கு. ஒரு முறை மோதினால் ஆறு முறையும் மோதும். மாதாமாதம் விழுங்குகிற மாத்திரையா இது?

டாக்டர் சீட்டு கேட்டேன். இல்லை, வேறு கடையில் சும்மாவே கொடுத்தார்களாம். உங்கள் மனைவிக்கு ரத்தப்போக்கு அதிகமா, தலைவலி உண்டா என்று கேட்டேன். மனிதர் ரோட்டைப் பார்த்தார். சீட்டு இல்லாமல் தரமாட்டேன், முதலில் அவர்களை டாக்டரிடம் அழைத்துப் போங்கள் என்றேன்.

"அவ இன்னாத்துக்கு மேடம்? அதான் நான் வந்துகினு கீறேனே!"

எலும்பு உருகுதாம்

மூன்றரை மாதம் கழித்து கௌரியின் மாமியார் வந்தார். மருமகளுக்கு வெள்ளைப்படுகிறது, எலும்பு உருகி இறங்குகிறது, நல்ல டானிக்காகக் கொடு என்றார். எலும்பு அப்படியெல்லாம் உருகாதும்மா, ஓரளவு வெள்ளைப்படுவது எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதான், நாற்றமோ அரிப்போ இருந்தால்தான் வைத்தியம் வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னேன். வேறென்ன செய்கிறது என்று கேட்டபோதுதான் குரலைத் தாழ்த்தினார். இருபது நாளாக ரத்தம் நிற்கவில்லையாம். எழுந்தால் தலை சுற்றுகிறதாம்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. உருகாத எலும்புக்கு டானிக், கொட்டுகிற ரத்தத்துக்கு ஒன்றும் இல்லையா? இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்று கத்தியே விட்டேன்.

"போலாம்மா. இன்னும் ரெண்டு கிருத்திகதான் பாக்கி, அது முடியட்டும்."

படம் மாட்டிய கதை

அந்தக் கோபத்தில் கர்ப்பப்பையின் படம் ஒன்றைக் கவுண்டருக்குப் பின்னால் மாட்டினேன். மதியம் சாப்பிட்டு வருவதற்குள் அதன்மேல் தினசரி காலண்டர் தொங்கியது. முதலாளி நல்லவர்தான், மூன்று பெண்களைப் பெற்றவர். குடும்பத்தோடு வருகிற கடை என்றார். "அந்தக் குடும்பமே அதுலேர்ந்து வந்ததுதானேண்ணா" என்றேன்.

"வந்துச்சு, இல்லன்னு சொல்லல. அதுக்குன்னு சாமி படத்துக்குப் பக்கத்துலயா?"

முடிவு எடுத்தாச்சு

வேறு கடை மாத்திரையில் ரத்தத்தை நிறுத்தி அடுத்த கிருத்திகைக்கும் கூட்டிப் போயிருக்கிறார்கள். கௌரி மலைப்படியிலேயே மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். ஸ்கேனில் கர்ப்பப்பையில் சின்னக் கட்டி தெரிந்தது. பயப்பட ஒன்றுமில்லை, மூன்று மாதம் மருந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி வாருங்கள் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருந்தார்.

அந்தச் சீட்டோடு வந்த புருஷன், கர்ப்பப்பையையே எடுக்க எந்த ஆஸ்பத்திரி நல்லது என்று என்னிடம் கேட்கிறார்! ரெண்டு பசங்க இருக்கிறார்கள், இனிமேல் அது எதற்கு, எடுத்துவிட்டால் மாதாமாதம் இந்தத் தொல்லை இல்லை என்று வீட்டில் பேசி முடித்துவிட்டார்களாம். ஏதோ தேவையில்லாத பரண் சாமானைக் கழிப்பதுபோலப் பேசினார். உங்கள் மனைவி என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

"அவகிட்ட இன்னும் சொல்லல மேடம்."

கௌரி

இந்த மருந்தைச் சாப்பிடுகிறவரிடம்தான் விளக்கிக் கொடுப்பேன் என்று கறாராகச் சொல்லி அனுப்பினேன். மறுநாள் கௌரி தனியாக ஆட்டோவில் வந்தாள். முப்பத்தொரு வயது, வெளுத்த உதடு. பத்தாவது வரை படித்தவள். இனப்பெருக்கப் பாடம் வந்தபோது வீட்டில் படித்துக்கொள்ளச் சொல்லிவிட்டாராம் டீச்சர்.

ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினேன். இது கர்ப்பப்பை, இரண்டு பக்கமும் குழாய், அதன் ஓரத்தில் சினைப்பை. மூத்திரம் வருகிற வழி வேறு, தூரம் வருகிற வழி வேறு என்றதும் "ஆங்?" என்று நிமிர்ந்தாள். இரண்டு பிள்ளை பெற்றவள்! கட்டி இருக்கும் இடத்தில் புள்ளி வைத்தேன். கர்ப்பப்பையையே எடுக்க வீட்டில் பேசி முடித்திருப்பதைச் சொன்னேன். எடுக்க வேண்டுமா என்று டாக்டரம்மாவிடம் நீயே கேள், நீ சம்மதித்துக் கையெழுத்துப் போடாமல் யாரும் கத்தி வைக்க முடியாது என்றேன். கர்ப்பப்பை எவ்வளவு பெரிசு இருக்கும் என்று கேட்டாள். கையை மூடிக் காட்டினேன். அவளும் தன் கையை மூடிப் பார்த்தாள்.

"இம்மாம் சின்னதாக்கா? இதுக்கு எங்க வூட்ல ஏழு பேரு கூடிப் பேசிக்கினாங்க, என்னிய ஒருத்தரும் கூப்புடல. கையெழுத்து நான் போடமாட்டேன்."

அரைத்தாளில் அடங்கிவிடும் பாடத்தை 'வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்' என்று தள்ளிவிடுகிற ஆசிரியர்கள் எல்லாரும், வீட்டில் அதை யார் எப்படிப் படிக்கிறார்கள் என்று கே.ஜி.கண்டிகைக்கு ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.