உப்பேறிய நாற்றங்காலுக்கு வந்த நல்ல தண்ணீர்

அன்புடையீர், இறைவன் என் நாற்றங்காலுக்குச் செய்த நன்மையைச் சொல்லாமல் இருக்க என்னால் இயலவில்லை.

பேராவூரணிக்குத் தெற்கே, கடலோரக் கடைமடையில் எங்கள் குத்தகை நிலம். குத்தகைப் பதிவும் கூலி உயர்வும் ஊரை இரண்டாகப் பிளந்திருந்த காலம் அது. அந்தப் போகம் நடவு தவறினால் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக உடையவர் சொல்லியனுப்பியிருந்தார். ஆவணிப் பௌர்ணமியில் காற்றோடு பொங்கிய கடல், வடிகால் வழியே ஏறி நாற்றங்காலில் நின்றது. இளநாற்றின் நுனி கருகியது, தாள் சுருண்டது.

உவர்நீரை வடித்து, மண்ணைக் காயவிட்டேன். அது பிழை. வெயில் ஏற ஏற, உள்ளிருந்த உப்பு மேலே வந்து வெள்ளையாகப் பூத்தது.

"நாத்துக்கு உப்புக்கண்டம் போடுறீங்களா, புலவரே?" என்றாள், என் செந்தமிழ்ப் பேச்சுக்காக என்னைப் புலவர் என்று கேலி செய்யும் என் மனைவி செல்வமேரி. சிரிக்க முயன்றவள் அழுதுவிட்டாள்.

நல்ல தண்ணீரைத் தேக்கித் தேக்கி வடித்தால்தான் உப்பு கரைந்து போகும். அந்தத் தண்ணீரோ மேல்வயல் காளிமுத்துவின் மடையைத் தாண்டி வரவேண்டும். கூலித் தகராறில் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நெடுநாளாகப் பேச்சில்லை. முறைவைத்து வந்த தண்ணீரும் அவர் நாற்றுக்கே போதாது.

ஞாயிறு வழிபாட்டில் செல்வமேரி எழுந்து வேண்டினாள்: "ஆண்டவரே, எம் புள்ளைங்க நாக்கு வறண்டு கெடக்குதுங்க. ஒரு வாய் நல்ல தண்ணி குடுங்க." நாற்றுகளைத்தான் பிள்ளைகள் என்றாள். நான் மழை கேட்டு மன்றாடினேன். மழை வரவில்லை.

மறுநாள் காலை வாய்க்காலில் சலசலப்பு. காளிமுத்து தம் மடையை வெட்டிவிட்டுக்கொண்டிருந்தார். அவர் எங்கள் கோயிலுக்கு வருபவர் அல்லர். எங்கள் வேண்டுதலைக் கேட்டவரும் அல்லர்.

"உங்க நாத்துக்கு என்னங்க பண்ணுவீங்க?" என்றேன்.

"உங்க மேல கோவம் அப்படியேதான் இருக்கு. நாத்து என்னங்க பண்ணுச்சு? பேசிக்கிட்டு நிக்காம கீழ்மடையைத் தொறங்க, உப்புத் தண்ணி போவட்டும்."

அடுத்தடுத்த முறைகளிலும் பாதியை எங்களுக்கு விட்டார். தேக்கினோம், வடித்தோம். ஓரத்து நாற்றுகள் மாண்டன. நடுவில் நின்றவை கருகிய தாளைக் கைவிட்டுக் குருத்தில் பசுமை காட்டின. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். பழுப்பேறிய வேர்களுக்கிடையே புதிய வெள்ளை வேர். வரப்பிலேயே முழந்தாளிட்டேன். வழக்கத்தைவிடச் சற்று முற்றவிட்டு, ஒவ்வொரு குத்திலும் நாற்றைக் கூடுதலாக வைத்து நட்டோம். நிலம் எங்களிடமே தங்கியது.

இன்றும் எங்கள் நாற்றில் கட்டிய முதல் முடியைச் செல்வமேரி காளிமுத்துவின் வயலில்தான் நடுகிறாள். அவரும் கூலிக் கணக்கைச் சொல்லி என்னைத் திட்டிக்கொண்டேதான் மடை திறக்கிறார்.

அன்பர்களே, உங்கள் வயலிலும் உப்புப் பூத்திருக்கலாம். மனம் தளராமல் வேண்டுங்கள். நன்மை எந்த மடை வழியே வரவேண்டும் என்று மட்டும் ஆண்டவருக்குச் சொல்லித்தராதீர்கள்.