பெனால்டி புள்ளியில் உடைத்த பூசணிக்காய்

சித்தப்பா அந்தப் பெனால்டியைத் தவறவிட்டதற்குக் கண் திருஷ்டிதான் காரணம் என்பதில் என் அம்மாவுக்கு இன்றுவரை சந்தேகம் கிடையாது. கல்கத்தாவின் பெரிய கிளப் ஒன்றில் ஃபார்வர்டாக ஆடியவர் சித்தப்பா. அவர் கோல் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், கரியாஹாட்டில் இருந்த எங்கள் மளிகைக் கடைக்கு அப்பளம் வாங்க வருகிற வங்காளிகள்கூட அவரைப் பற்றி இரண்டு வார்த்தை பேசாமல் போக மாட்டார்கள். பிறகு ஒரு கோப்பையின் இறுதியாட்டத்தில் கடைசி நேரத்தில் கிடைத்த பெனால்டியை அவர் பாருக்கு மேலே வானத்தைப் பார்த்து அடித்தார். அதன் பிறகும் அவர்கள் பேசாமல் போகவில்லை, அதுதான் சிக்கல். “உங்க தம்பிதானே அது?” என்று யாராவது ஆரம்பித்தால் அப்பா சட்டென்று திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே நிறுத்த துவரம்பருப்பை மறுபடியும் நிறுப்பார்.

சித்தப்பா சின்னச் சின்ன கிளப்புகளுக்கு மாறினார். அங்கும் பந்து காலுக்கு வந்தால் பக்கத்தில் இருப்பவனுக்குத் தள்ளிவிட்டார். கோலைப் பார்த்து அடிக்காத ஃபார்வர்டை எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? கடைசியில் கல்கத்தா நடுவில் இருக்கிற பெரிய மைதானத்துக் கிளப் ஒன்று பையன்களுக்குக் கோச்சாக அவரைச் சேர்த்துக்கொண்டது. நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார். ஆனால் எல்லாம் விசிலாலும் வாயாலும்தான், பந்தைக் காலால் தொட மாட்டார். முழங்கால் சரியில்லை என்று சொல்லிக்கொள்வார். அதே முழங்காலோடு எங்கள் வீட்டு மாடிப்படிகளை அவர் இரண்டிரண்டாகத் தாண்டி வருவதை நான் தினமும் பார்த்தேன்.

வங்காளிகளின் வருஷப் பிறப்பன்று மைதானத்துக் கிளப்புகளில் பார் பூஜை நடக்கும். கோல் கம்பத்துக்குப் பொட்டு வைத்து, மாலை கட்டி, புரோகிதர் மந்திரம் சொல்லி, புது சீசனைத் தொடங்கிவைப்பார்கள். சித்தப்பாவின் கிளப்பில் கூடுதலாக ஒரு வழக்கம் இருந்தது. பூஜை முடிந்ததும் பெனால்டி புள்ளியில் பந்தை வைத்து, ஆளில்லாத கோலுக்குள் கோச் முதல் பந்தை அடிக்க வேண்டும். பந்தைத் தொடாத கோச் எதற்கு என்று பையன்களின் அப்பாக்கள் சிலர் ஏற்கெனவே செகரட்டரியிடம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். அடிக்க மாட்டேன் என்றால் வேலை போய்விடும். அடித்து வெளியே போனால் ஊரே சிரிக்கும். அந்த வாரம் முழுக்க சித்தப்பா சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார். “கோல்கீப்பரே கிடையாதே சித்தப்பா, அப்புறம் என்ன?” என்று நான் தைரியம் சொன்னேன். எனக்குப் பத்து வயது.

அம்மா வாயால் தைரியம் சொல்கிற ஆள் இல்லை. எங்கள் சித்திரைப் பிறப்பு முந்தின நாளே முடிந்துவிட்டதால் அவளுக்குக் கை ஒழிந்திருந்தது. நல்ல கனமான வெள்ளைப் பூசணி ஒன்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, எங்களையும் டாக்ஸியில் ஏற்றிக் கிளம்பிவிட்டாள்.

பூஜை முடிந்து புரோகிதர் அடுத்த பூஜைக்கு ஓடினார். செகரட்டரி பந்தை எடுப்பதற்குள் அம்மா பூசணிக்காயோடு முன்னால் வந்து நின்றாள். உள்ளே குங்குமம், மேலே கற்பூரம், எல்லாம் தயார்.

“தம்பி, கிழக்க பாத்து நில்லுங்க.”

“மதினி, இங்க போயி…” என்று சித்தப்பா நெளிந்தார். அம்மா காதில் வாங்காமல் மூன்று சுற்று சுற்றினாள். பிறகு உடைக்க இடம் தேடினாள். எங்கும் புல்லாக இருந்தது. கோலுக்கு எதிரே மட்டும் புல் தேய்ந்து, கெட்டித் தரையில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைத்திருந்தது. பூசணிக்காய் உடைப்பதற்கென்றே குறித்து வைத்திருக்கிறார்களே, எவ்வளவு விவரமான மனிதர்கள் என்று நினைத்தாளாம். ஓங்கிப் போட்டாள்.

“என்ன பௌதி இது! நல்ல காய், கறி வெச்சிருக்கலாமே!” என்று செகரட்டரி வங்க மொழியில் அலறினார். பௌதி என்றால் அண்ணி. பையன்கள் ஓடிவந்து துண்டுகளைப் பொறுக்கினார்கள். சாறையும் விதையையும் யார் பொறுக்குவது?

சித்தப்பா அந்த ஈரத்தின் மேலேயே பந்தை வைத்தார். பின்னால் நடந்து போனார். அவர் ஓடிவந்து இடது காலை ஊன்றினார், அது வழுக்கிக்கொண்டு போய்விட்டது. மனிதர் மல்லாந்து விழுந்தார். பந்து நோஞ்சானாக உருண்டுபோய்க் கம்பத்துக்கு வெளியே நின்றது.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சித்தப்பா எழுந்திருக்கவில்லை. கிட்டே ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் உடம்பு குலுங்கியது. அழுகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் பூசணி விதை, கண்ணில் தண்ணீர், அப்படி ஒரு சிரிப்பு. பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டுத் தாங்களும் சிரித்தார்கள். செகரட்டரியும் சிரித்துவிட்டார்.

எழுந்தவர் இன்னொரு பந்து கேட்டார். அடித்தார், உள்ளே போனது. மறுபடியும் கேட்டார். ஒரு பையனைக் கோலில் நிற்கச் சொல்லி அடித்தார். சில வெளியேயும் போயின, அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. முணுமுணுத்த அப்பாக்களே கோலுக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்கிப் போட்டார்கள். இனி ஒருத்தனும் வாய் திறக்க மாட்டான் என்று செகரட்டரி அப்பாவின் கையைப் பிடித்துச் சொன்னபோது, எங்கள் எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. வெயில் சுடும்வரை சித்தப்பா மைதானத்தை விட்டு வரவில்லை.

திரும்பும்போது டாக்ஸியில் அம்மா மூக்கை உறிஞ்சினாள். “நாந்தான் கெடுத்தேன் தம்பி.”

“நீங்க ஒண்ணையும் கெடுக்கல மதினி,” என்று சொன்ன சித்தப்பாவுக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது.

அம்மாவின் மானத்தைக் காப்பாற்றத்தான் இந்தச் சிரிப்பு என்று நான் முடிவு கட்டினேன். எத்தனை நல்ல மனசு என்று உருகிப்போனேன். உண்மையில் அத்தனை வருஷமாக அவர் பயந்துகொண்டிருந்தது ஊரறிய இன்னொரு பந்து வெளியே போய்விடுமே என்றுதான். அது போயே விட்டது, இவ்வளவுதானா என்று மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். நானோ அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “வருத்தப்படாதீங்க சித்தப்பா” என்று வீடு வந்து சேரும்வரை தேற்றிக்கொண்டே வந்தேன்.