விறாந்தையிலிருந்து கேட்ட குரல்

பின்நேரங்களில் என் வீட்டு முன்னறையில் இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இங்கிலீசு படிப்பிக்கிறேன். படத்தைக் காட்டிச் சொல்லைச் சொல்வேன். பிள்ளைகள் திருப்பிச் சொல்லுவார்கள். குடை என்றால் குடையை விரித்து எல்லாரும் அதற்குள் ஒடுங்க வேண்டும்.

ஒரு நாள் பிள்ளைகள் சொல்லி முடித்த பிறகும் ஒரு குரல் தனியாகக் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஒரு பிள்ளையின் உம்மா, மகளைக் கூட்டிப்போக விறாந்தையில் காத்திருந்தவள், கண்ணை மூடிக்கொண்டு "பைனாப்பிள், பைனாப்பிள்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"உள்ளுக்கு வந்து இரிங்களன்" என்றேன்.

"சின்னப் புள்ளைகளோட நானா? வெக்கம் டீச்சர்" என்று ஹபாயாத் துணியால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு நேரத்தோடேயே வரத் தொடங்கினாள். வண்ணத்துப்பூச்சிப் படத்தை நான் காட்டப் பிள்ளைகள் முழித்த அன்று, "பட்டர்ஃப்ளை!" என்று விறாந்தையிலிருந்து பதில் வந்தது. வகுப்பே சிரித்தது. எல்லாரிலும் கூடச் சிரித்தது அவள் மகள்தான்.

பள்ளிக்கூடத்து முதலாம் தவணை முடிகிற நேரம் அவள் என்னிடம் வந்து நின்றாள். "நாளண்டைக்குக் கட்டாருக்குப் போறன் டீச்சர். வீட்டு வேலைக்கு. அந்த வீட்டில இங்கிலீசுதானாம் கதைக்கிற."

"இத ஏன் முன்னமே சொல்லல்ல?"

"சொன்னா நீங்க எனக்கெண்டு வேற படிப்பிக்கப் பாப்பீங்க. புள்ளைகள்ட நேரமெல்லாம் போகும்." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ரெண்டும் பொட்டப் புள்ளைகள். வெறும் வளவுதான் இரிக்கி, சீதனத்துக்கு அதில வீடு கட்டோணுமே."

பழங்களும் மிருகங்களும் பூச்சிகளும்தான் அந்தத் தவணையில் நடந்திருந்தன. அந்தச் சொற்களோடுதான் அவள் விமானம் ஏறினாள்.

அடுத்த தவணையில் உடல் உறுப்புகள் பாடம் வந்தது. மகளுக்கு அப்போது முன்பல் விழுந்திருந்தது. "டூத்" என்று நான் பல்லைத் தொட்டுக் காட்ட, அவள் எழும்பி ஓட்டைவாயைத் திறந்து, "நோ டூத்!" என்றாள். விழுந்து விழுந்து சிரித்தோம்.

இரண்டு வருடம் கழித்து உம்மா ஊருக்குத் திரும்பி, சின்ன மகளை வகுப்பில் சேர்க்க என்னிடம் வந்தபோது ஒரு பக்கக் கன்னம் சற்று ஒட்டிப்போயிருந்தது. கேட்டேன்.

"போன புதுசில பல்லுக்குத்து டீச்சர். பல்லெண்டு சொல்லத் தெரியா, நோவெண்டு சொல்லவும் தெரியா. கன்னத்தப் பொத்திக் காட்டினன். காதுக்கு வருத்தமாக்கும் எண்டு மேடம் காதுக்கு மருந்து ஊத்தினாங்க. பாவம், நல்ல மனுசிதான். பெறகு முகமெல்லாம் வீங்கித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன. அதுக்குள்ள பழுதாகிப் பக்கத்துப் பல்லுகளையும் சேத்துக் கழட்டிட்டாங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "அங்க வண்ணத்துப்பூச்சி ஒண்டும் வரல்ல டீச்சர்."

என்னால் சிரிக்க முடியவில்லை. ஏறக்குறைய அதே நாட்களில்தான் நாங்கள் இங்கே ஓட்டைவாயைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். அந்தப் பாடத்தின் படங்கள் அவள் போகும்போதே என் அலுமாரியில் இருந்தன. அவளை இருத்தி வைத்து, நோவு, காய்ச்சல், பசி, வேண்டாம் என்று நாலைந்து சொல்லைச் சொல்லிக் கொடுக்க ஒரு பின்நேரம் போதுமாயிருந்திருக்கும். நானோ அன்று 'அல்லாஹ் துணை, போய் வாங்க' என்று மட்டும் சொல்லியனுப்பினேன்.

"இனி உள்ளுக்கு வந்து இரிங்க. ஒழுங்காப் படிப்பம்" என்றேன்.

"இனி எங்கயும் போகல்ல டீச்சர். எனக்கு என்னத்துக்கு இங்கிலீசு?"

பிழைப்புக்கு மட்டுமா அவள் அதைப் படித்தாள்? ஒரு சொல் வாய்க்குப் பிடிபட்டதும் முகம் மலர்ந்து போகும். என்னிடம் படித்த எந்தப் பிள்ளையிடமும் அப்படியொரு சந்தோஷத்தை நான் கண்டதில்லை. அதை அவளுக்கு எப்படிச் சொல்வதென்று யோசிப்பதற்குள், சின்ன மகளை என்னிடம் விட்டுவிட்டு அவள் படலையைத் தாண்டிப் போய்விட்டாள்.